ஸ்டாக்கிங்ஸ் ஜோக் அடித்த சர்ஜன்

திருப்பூர்க்காரங்களுக்கு ஹோசியரின்னா காது தானா இந்தப் பக்கம் திரும்பும். இன்னிக்குக் கதையிலயும் ஒரு ஹோசியரி ஜோக் இருக்கு. ஆனா அதை அடிச்சது பனியன் கம்பெனிக்காரர் இல்ல, நெஞ்சு அறுவை சிகிச்சையில் பெரிய பேர் எடுத்த ஒரு டாக்டர்: எவார்ட்ஸ் கிரஹாம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம், பார்ன்ஸ் மருத்துவமனை, 1933 ஏப்ரல் 5. மேஜையில் படுத்திருந்தவர் ஜேம்ஸ் கில்மோர், 48 வயசு. அவரும் டாக்டர்தான், பிரசவம் பார்ப்பவர். இடது நுரையீரலில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு முன்னாடி ஊருக்குப் போய்ப் பல்லை அடைச்சுட்டு வந்தார். கையோட கல்லறைக்கு இடமும் வாங்கிட்டார்!

ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறதுதான் பிளான். திறந்து பார்த்தா, முழு நுரையீரலையும் எடுத்தாதான் உண்டுங்கிற நிலைமை. அதை கிரஹாம் அதுவரை விலங்குகளில் மட்டும்தான் செய்து பார்த்திருந்தார். எடுத்தார். காலியான இடம் சுருங்கட்டும்னு சில விலா எலும்புகளையும் எடுத்தார். கில்மோர் பிழைச்சார். புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை ஒரே ஆபரேஷனில் முழுசா எடுத்து, ஆள் பிழைச்சது அதுதான் முதல் தடவை. (நம்ம பக்கம் நெஞ்சு அறுவை சிகிச்சைக்குன்னு தனித் துறை வந்தது 1940களின் கடைசியில், வேலூர் சி.எம்.சி.யில். தொடங்கியவர் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன்.)

இப்போ அந்த ஜோக். சிகரெட் விற்பனை ஏற ஏற நுரையீரல் புற்றுநோயும் ஏறுதுன்னு நியூ ஆர்லியன்ஸ் சர்ஜன் ஆல்டன் ஆக்ஸ்னர் சொல்லிக்கிட்டே இருந்தார். ஸ்டாக்கிங்ஸ் விற்பனையும்தான் ஏறுதுன்னு கிரஹாம் கிண்டலடிச்சார். லாஜிக்கா பார்த்தா நியாயமான கேள்வி. ஆபீஸ்ல யாராவது ரெண்டு கிராஃபைப் பக்கத்துல வெச்சுக் காட்டினா நானும் இதையேதான் கேட்பேன். என்ன, கேட்டவர் நல்லா புகைப்பவர்.

எனக்கு அவரைப் பிடிச்சுப் போனது இதுக்கு அப்புறம்தான். எர்ன்ஸ்ட் வைண்டர்னு ஒரு மருத்துவ மாணவர் இதை ஆராயணும்னு வந்தப்ப, நம்பிக்கை இல்லாமலே உதவி செஞ்சார். 684 நோயாளிகளின் விவரம் சேர்ந்துச்சு. நோய் வந்த ஆண்களில் கிட்டத்தட்ட எல்லாருமே பல வருஷம் புகைச்சவங்க. 1950ல் ரெண்டு பேர் பேரிலும் கட்டுரை வந்தது. 1953ல் சிகரெட் தாரை எலிகளின் தோலில் தடவி, புற்றுநோய் வர்றதையும் காட்டினாங்க. கிரஹாம் சிகரெட்டை விட்டுட்டார்.

1957 தொடக்கத்தில் அதே ஆக்ஸ்னருக்கு அவர்கிட்ட இருந்து ஒரு கடிதம் போச்சு. ரெண்டு நுரையீரலிலும் புற்றுநோய். நிறுத்தி வருஷங்கள் ஆச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே சேதம் நடந்துடுச்சுன்னு எழுதியிருந்தார். ரெண்டு பக்கமும் இருந்ததால அவர் செஞ்சு காட்டின ஆபரேஷன் அவருக்கே உதவல. மார்ச் 4ஆம் தேதி இறந்தார்.

கில்மோர் ஒத்த நுரையீரலோட 1963 வரைக்கும் வாழ்ந்தார்.