கண்ணாடித் தகட்டில் அங்கோர்

1866 ஜனவரி இறுதியில் பாங்காக்கிலிருந்து ஒரு சிறு குழு கிழக்கே, இன்றைய கம்போடியாவில் உள்ள பழைய கோயில் நகரமான அங்கோரை நோக்கிக் கிளம்பியது. அதில் இருந்தவர் எடின்பரோவில் பிறந்த 28 வயதுப் புகைப்படக்காரர் ஜான் தாம்சன். கூடவே பிரிட்டிஷ் தூதரக அதிகாரி கென்னடி. 1860-இல் அங்கோரைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூவோவின் எழுத்தும் படங்களும் ஐரோப்பாவில் ஏற்கெனவே ஆவலைக் கிளப்பியிருந்தன. ஆனால் அவையெல்லாம் கையால் வரைந்த சித்திரங்கள். கல்லை உள்ளபடி காட்டும் ஒரு படம்கூட அதுவரை இல்லை. அங்கோர் அன்று சயாம் (இன்றைய தாய்லாந்து) ஆட்சியில் இருந்ததால் மன்னர் மோங்குட்டின் அனுமதி தேவைப்பட்டது. முந்தைய ஆண்டுதான் தாம்சன் அந்த மன்னரையே படம் பிடித்திருந்தார்.

படகு, மாட்டுவண்டி, காட்டுப்பாதை. வழியில் தாம்சனைக் காட்டுக்காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது. அதைவிடப் பெரிய கவலை, கூட வந்த மூட்டைகள். அவற்றில் கண்ணாடித் தகடுகளும் ரசாயனப் புட்டிகளும் இருட்டுக் கூடாரமும் இருந்தன.

அன்று வழக்கத்தில் இருந்தது ஈரத்தகட்டு முறை. தகட்டைத் துடைத்து, கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஒரே சீராக ஊற்றி, கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்தி, ஒளி காட்டி, மறுபடி கூடாரத்துக்கு ஓடிப் படத்தைத் துலக்கிவிட வேண்டும். கம்போடிய வெயிலில் இதற்குக் கிடைப்பது சில நிமிடங்களே. தூசி ஒட்டினாலும் ஈரம் காய்ந்தாலும் தகடு வீண். அப்படி எடுத்த 16 படங்களோடு 1867-இல் எடின்பரோவில் அவருடைய புத்தகம் வெளியானது. அங்கோர் வாட்டின் தரைப்படமும் அதில் உண்டு. கோயிலின் அமைப்பு மேரு மலையைக் குறிக்கிறது என்று முதலில் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அதே 1866 ஜூனில் மேகாங் ஆற்றை ஆராயப் புறப்பட்ட பிரெஞ்சுக் குழுவோடு எமில் ஜெல் வந்து படம் எடுத்தார். பிறகு சைகோனில் ஸ்டூடியோ வைத்து அந்தப் படங்களை விற்றார். காட்டுக்குள் தொலைந்துபோன நகரம் என்ற கதை இப்படிப் பரவியது. அந்தக் கதை உண்மையில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டிய அங்கோர் வாட் பின்னாளில் பௌத்தத் தலமாகி, வழிபாடு விட்டுப்போகாமல் தொடர்ந்த இடம். உள்ளூர் மக்களுக்கு அது ஒருநாளும் தொலையவில்லை.

1907-இல் அப்பகுதி சயாமிடமிருந்து கம்போடியாவுக்குத் திரும்பியது. அதன்பின் தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளி பொறுப்பேற்று, கோயில் கோயிலாகப் படம் பிடித்துச் சேர்த்தது. அந்தச் சேமிப்பு எவ்வளவு பெரிய காப்பு என்பது பாபுவோன் கோயிலில்தான் தெரிந்தது. சரிந்துகொண்டிருந்த அந்த 11-ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயிலை 1960-களில் கல் கல்லாகப் பிரித்தார்கள். சுமார் 3 லட்சம் கற்களைச் சுற்றிலும் காட்டில் பரப்பி வைத்தார்கள். எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்பது பதிவேடுகளில் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் போர் மூண்டு வேலை நின்றது. 1975-இல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்தபோது பதிவேடுகளும் அழிந்தன.

1995-இல் பாஸ்கல் ருவாயே தலைமையில் வேலை மீண்டும் தொடங்கியபோது எதிரே கிடந்தவை எண் தெரியாத கற்கள். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய கட்டடம் என்பதால் ஒரு கல் இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது. பாரிஸில் தப்பியிருந்த பழைய புகைப்படங்களும், முன்பு அங்கே பணியாற்றியவர்களின் நினைவும் கைகொடுத்தன. 2011-இல் கோயில் எழுந்து நின்றது. அங்கோரில் நடந்த சீரமைப்பு வேலைகளில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்வது கடினம்.

சிலைத் திருட்டுக்கும் படங்களே சாட்சி ஆயின. போர்க்காலத்திலும் அதன் பின்னும் சிலைகளின் தலைகள் அறுக்கப்பட்டு வெளிநாட்டுக்குப் போயின. காணாமல்போன 100 சிற்பங்களின் படங்களை 1993-இல் உலக அருங்காட்சியகங்கள் பேரவை புத்தகமாக வெளியிட்டது. அதன் பயனாக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1997-இல் ஒரு சிவன் தலையைத் திருப்பித் தந்தது. கம்போடியாவின் இன்னொரு பழைய தலமான கோ கேரில் துரியோதனன் சிலையைப் பெயர்த்தவர்கள் பாதங்களைப் பீடத்திலேயே விட்டுப் போனார்கள். சிலையை மீட்கும் வழக்குக்கு அந்தப் பாதங்கள் உதவ, நியூயார்க் ஏலக் கூடத்துக்குப் போன சிலை 2014-இல் நாடு திரும்பியது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய தமிழகத்தின் ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய படம்தான் ஆதாரம்.

இன்று அங்கோர் நுழைவுச் சீட்டிலேயே பயணியின் முகத்தைப் படம் பிடித்து அச்சிட்டுத் தருகிறார்கள். விடியலுக்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் மேற்குப் பக்கக் குளக்கரையில் கேமராவுடன் இடம் பிடிக்கிறார்கள். கோயில் மேற்கு பார்த்தது. காலையில் அங்கிருந்து கிடைப்பது கோபுரங்களின் நிழலுருவம் மட்டுமே. அந்த நேரத்தில் கிழக்குப் பிராகாரத்தில் சுமார் 49 மீட்டர் நீளப் பாற்கடல் கடையும் காட்சியின் மேல் வெயில் விழுகிறது. ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர், நடுவே திருமால். வாசுகியை இழுக்கும் கைகளின் தசைத் திரட்சி அந்த ஒளியில் துல்லியமாகத் தெரியும். சுவர்களில் நிற்கும் தேவதைகளின் மார்பும் சில இடங்களில் முகமும் பார்வையாளர் கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளக்கின்றன. கை படாத தேவதையோடு ஒப்பிட்டால் நுண்செதுக்கு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

அங்கே போகிறவர்கள் சுவரைத் தொடாமல் நின்று படம் எடுங்கள். பிரபலமான ஐந்து கோபுரங்களோடு உடைந்த கதவு நிலையையும், மூலையில் கிடக்கும் தலையில்லாச் சிலையையும், எழுத்துப் பொறித்த நிலைக்காலையும் சேர்த்து எடுங்கள். கோயிலின் பெயர், திசை, தேதி மூன்றையும் படத்தோடு குறித்து வையுங்கள்.