கட்டுப்பாடு யார் கையில்? மென்பொருளால் ஆளப்படும் வலையமைப்புகள்

நோட்டன் பிரிட்ஜ் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய ஊர். ஆனால் நாட்டின் மின்சார வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. கெகெல்கமு ஓயாவை மறித்து இங்கு கட்டப்பட்ட அணையின் நீர்தான் 1950இல் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்தை இயக்குகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கவழியே வரும் நீரில் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் கொள்திறன் 50 மெகாவாற்.

தண்ணீர் பாய்வதும் இயந்திரம் சுழல்வதும் மலையில். ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற முடிவு மலையில் எடுக்கப்படுவதில்லை. முழு நாட்டின் தேவையையும் ஒரே பார்வையில் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து அறிவுறுத்தல் வருகிறது, மின்நிலையம் அதன்படி இயங்குகிறது. வேலை நடப்பது ஓரிடம், முடிவெடுப்பது வேறிடம்.

கணினி வலையமைப்புகளிலும் இதே மாற்றம் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. மென்பொருள்வழி வலையமைப்பு, சுருக்கமாக எஸ்.டி.என்., என்று அதற்குப் பெயர். நாம் அனுப்பும் செய்தி எந்த வழியால் போகும், போகுமா போகாதா என்பதைத் தீர்மானிக்கும் இடம் எது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. தொடர்பு துண்டிக்கப்படுவது என்றால் என்னவென்று அனுபவத்தில் அறிந்த நமக்கு இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

பழைய முறை

வழமையான வலையமைப்பில் ஒவ்வொரு ரவுட்டருக்குள்ளும் இரண்டு பகுதிகள் சேர்ந்தே இருக்கும். வரும் தரவுப் பொதியை உரிய வாசலால் வெளியே தள்ளுவது ஒன்று. இது தரவுத் தளம். எந்த வாசல் என்று முடிவு செய்வது மற்றது. இது கட்டுப்பாட்டுத் தளம். ஒவ்வொரு கருவியும் அயலிலுள்ள கருவிகளோடு பேசித் தானே முடிவெடுக்கும். முழு வலையமைப்பின் படமும் ஒரே இடத்தில் எவரிடமும் இருக்காது. ஒரு கொள்கையை மாற்ற வேண்டுமானால் பொறியியலாளர் கருவி கருவியாகச் சென்று கட்டளைகளை மாற்ற வேண்டும். ஒன்றில் பிழைவிட்டால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இந்த இரண்டையும் பிரித்தால் என்ன என்ற ஆய்வு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வலுப்பெற்றது. மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன், ஸ்கொட் ஷெங்கர் ஆகியோர் இதில் முன்னோடிகள். 2008இல் வெளியான ஓப்பன்ஃப்ளோ ஆய்வுக் கட்டுரையை எழுதிய எண்மரில், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் ஒருவர்.

கட்டுப்படுத்தி என்ன செய்கிறது?

எஸ்.டி.என். முறையில் சுவிட்ச்சுகள் பொதிகளைக் கடத்துவதை மட்டும் செய்கின்றன. முடிவெடுக்கும் வேலை கட்டுப்படுத்தி எனப்படும் மென்பொருளுக்கு மாற்றப்படுகிறது. எந்தச் சுவிட்ச் எதனோடு இணைந்திருக்கிறது, எந்த இணைப்பில் நெரிசல், எது அறுந்து கிடக்கிறது என்ற முழுப் படமும் அதனிடம் இருக்கும்.

ஒவ்வொரு சுவிட்ச்சிலும் ஓர் அட்டவணை உண்டு. "இந்த முகவரிக்குப் போகும் பொதி வந்தால் இந்த வாசலால் அனுப்பு", "இப்படியானது வந்தால் கைவிடு" என்ற விதிகள் அதில் இருக்கும். விதி இல்லாத பொதி ஒன்று வந்தால் அதைக் கட்டுப்படுத்தியிடம் காட்டிக் கேட்கும்படி சுவிட்ச்சை அமைக்கலாம். கட்டுப்படுத்தி புதிய விதியை அட்டவணையில் எழுதிவிடும். அதன்பின் அதே வகைப் பொதிகளுக்கு மீண்டும் கேட்கத் தேவையில்லை.

2013இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய ஓப்பன்டேலைட்டும் 2014 டிசம்பரில் திறமூலமாக வெளியான ஓனோஸும் பெயர்பெற்ற கட்டுப்படுத்திகள்.

தெற்கும் வடக்கும்

கட்டுப்படுத்தியை நடுவில் வைத்துப் படம் வரைந்தால் கீழே சுவிட்ச்சுகளும் மேலே செயலிகளும் இருக்கும். கீழ்நோக்கிய தொடர்பைத் தென்திசை இடைமுகம் என்கிறார்கள். ஓப்பன்ஃப்ளோ இதற்காக உருவானதே. நெட்கொன்ஃப் போன்ற வேறு நெறிமுறைகளும் பயன்படுகின்றன. பொது நெறிமுறை இருப்பதால், வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த சுவிட்ச்சுகளையும் ஒரே கட்டுப்படுத்தியால் ஆள முடியும்.

மேல்நோக்கியது வடதிசை இடைமுகம். செயலிகள் வலையமைப்போடு பேசும் ஏ.பி.ஐ. இதுதான். மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொலைமருத்துவ ஒளித்தோற்றத்துக்கு முன்னுரிமை வேண்டும் என்றால், அதற்கான செயலி ஒவ்வொரு சுவிட்ச்சின் விபரத்தையும் அறிய வேண்டியதில்லை. "இந்த இரண்டு இடங்களுக்கிடையே இவ்வளவு வேகம் வேண்டும்" என்று கேட்டால் போதும். அதற்கான வழியைக் கண்டுபிடித்து விதிகளாக மாற்றுவது கட்டுப்படுத்தியின் பொறுப்பு.

ஆனால் தென்திசையில் கிடைத்த அளவுக்கு வடதிசையில் பொதுத்தரம் கிடைக்கவில்லை. ஒரு கட்டுப்படுத்திக்கு எழுதிய செயலி இன்னொன்றில் அப்படியே இயங்காது. ஒரு நிறுவனத்தின் வன்பொருளில் சிக்கியிருந்த நிலை மாறி, ஒரு மென்பொருளில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இங்கே இருக்கிறது.

இலாபமும் ஆபத்தும்

இதன் பயனைப் பெரிய அளவில் காட்டியது கூகிள். தனது தரவு நிலையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பை அது இந்த முறையில் அமைத்து, விபரங்களை 2013இல் வெளியிட்டது. இத்தகைய நெடுந்தூர இணைப்புகளில் வழமையாகச் சராசரி 30 முதல் 40 வீதமே பயன்படுத்தப்படும். பி4 சராசரியாக 70 வீதத்தை எட்டியது.

மறுபக்கமும் கூகிளிலேயே தெரிந்தது. 2019 ஜூன் 2ஆம் திகதி, பராமரிப்புக்கான தானியங்கி மென்பொருள் ஒன்று பல இடங்களில் வலையமைப்பின் கட்டுப்பாட்டு மென்பொருட்களை ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டது. கடைசியாகக் கிடைத்த விதிகளோடு வலையமைப்பு சிறிது நேரம் ஓடியது. பிறகு கொள்ளளவு சரிந்தது. யூடியூப், ஜிமெயில் உட்படப் பல சேவைகள் நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் தடுமாறின. கேபிள் எதுவும் அறுந்திருக்கவில்லை. முடிவெடுக்கும் மூளைதான் இல்லாமல் போயிருந்தது.

நமக்கும் இது புதிதல்ல. 2020 ஆகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டிய துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு முழு நாட்டையும் இருட்டாக்கியது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையிலிருந்து அதே கதை. ஓரிடத்துப் பிழையை ஓரிடத்திலேயே மறிக்க முடியாவிட்டால் எல்லோரும் சேர்ந்தே விழுவோம்.

ஆகவே நல்ல வடிவமைப்பில் ஒரு கட்டுப்படுத்தியை மட்டும் நம்புவதில்லை. மூன்று, ஐந்து என ஒற்றை எண்ணிக்கையில் பல இயங்கும். பெரும்பான்மை இணங்கினால்தான் முடிவு செல்லும். தொடர்பு முற்றாக அறுந்தால் சுவிட்ச் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஓப்பன்ஃப்ளோ முன்கூட்டியே கேட்கிறது. இருக்கும் விதிகளோடு தொடர்வது ஒரு தெரிவு. பழைய முறையில் தானே இயங்குவது இன்னொரு தெரிவு, அந்த வசதியுள்ள சுவிட்ச்சுகளில் மட்டும்.

கதவின் சாவி

2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. அவை சேவை வழங்குநர்களுக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவுகளால் நடந்தவை. எஸ்.டி.என். இல்லாமலே அது சாத்தியமாயிற்று என்பதை மறக்கக்கூடாது.

ஆனால் முழு வலையமைப்பையும் ஓரிடத்திலிருந்து மாற்ற முடிந்தால், நெரிசலைத் தீர்ப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிது ஒரு பிரதேசத்தையோ ஒரு சேவையையோ வாயடைப்பதும். இரண்டுக்கும் வடதிசை இடைமுகத்தில் ஒரே மாதிரியான வேண்டுகோள்தான்.

அதனால்தான் அந்த இடைமுகத்தைத் தொட உரிமை பெற்றவர் யார், ஒவ்வொரு மாற்றமும் யார் பெயரில் பதிவாகிறது, அந்தப் பதிவை வெளியார் பரிசோதிக்க முடியுமா என்ற கேள்விகள் முக்கியமாகின்றன. ஓனோஸ், ஓப்பன்டேலைட் இரண்டினதும் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. நம் பல்கலைக்கழக மாணவர்கள் மினிநெட் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே முழு வலையமைப்பை உருவாக்கிப் பழகலாம்.

மலையகத்தின் தண்ணீர் நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. அந்த வெளிச்சம் தோட்டத்து லயன் வீடுகளுக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தில் வாழ்வது ஒன்று, அதைப் பற்றிய முடிவில் பங்கிருப்பது வேறொன்று. வலையமைப்புகளிலும் அந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.