சவேரியார் கையெலும்பின் சரித்திரம்

அர்ச்சியசிஷ்டவர்களின் தேகத்தின் கூற்றையோ, அவர்கள் தரித்த வஸ்திரத்தையோ அருளிக்கம் என்று பெயரிட்டுப் பேழையில் வைத்து வணங்குதல் கத்தோலிக்கர் வழக்கம். இஃது எலும்புக்குச் செய்யும் பூசையன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வினாவுக்கு ஓர் எலும்பின் சரித்திரத்தைக் கொண்டே விடை கூறப் புகுகின்றோம்.

சீன தேசத்தின் தென்கரையில் மக்காவு என்னும் பட்டினம் உளது. அதனைச் சார்ந்த கொலோவான் என்னும் சிற்றூரில், அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார் பெயரால் 1928-ம் ஆண்டில் ஒரு சிற்றாலயம் எடுக்கப்பெற்றது. 1978-ம் ஆண்டில் சவேரியாரின் கையெலும்பு ஒன்று வெள்ளிப் பேழையோடு அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டது. ஜப்பான் தேசத்து வேதசாட்சிகளின் எலும்புகளும் அவ்விடத்தே இருந்தன. ஊரார் அப்பேழையின்முன் முழந்தாளிட்டு வணங்கி வந்தனர்.

அவ்வெலும்பு அங்கே சேர்ந்த விதம் யாதெனில் கூறுவாம். சவேரியார் 1542-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி கோவையில், அஃதாவது கோவா நகரில், வந்திறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறை சேர்ந்தார். அவர் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அக்கரையிலிருந்த பரதவர் பல்லாயிரவர் பகைவரால் நேர்ந்த துன்பத்திற்கு அஞ்சிப் போர்த்துக்கேசியரின் காவலை நாடி ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆயினும் போதிப்பார் இலர். சவேரியாரோ தமிழ் அறியாதவர். இருமொழியும் தெரிந்தாரைத் துணைக்கொண்டு செபங்களைத் தமிழிற் பெயர்த்து, மனனம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளை அழைத்துக் கற்பித்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவதும், செபங்களைச் சொல்லிச் சொல்லிக் குரல் கம்முவதும் உண்டென அவர் 1544-ம் ஆண்டு சனவரியில் எழுதிய நிருபத்தால் அறிகின்றோம்.

1549 முதல் 1551 வரை ஜப்பானில் வேதம் போதித்தபின், சீனத்துட் புக விரும்பிய சவேரியார் அதன் கரைக்கு அணித்தான சாஞ்சியான் தீவிற் காத்திருக்கையில், 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி மரித்தார். விரைவிற் சிதையும்பொருட்டுச் சுண்ணாம்பிட்டுப் புதைத்த தேகம் மறு ஆண்டில் அழியாதிருக்கக் காணப்பட்டு, மலாக்கா வழியாய் 1554-ல் கோவை சேர்ந்தது. 1614-ம் ஆண்டில் சேசுசபைத் தலைவர் ஆணைப்படி வலது முன்கை வெட்டப்பெற்று உரோமைக்கு அனுப்பப்பட்டது. இதனைக் கேட்பார் மனம் கூசுதல் இயல்பே. ஆயின் அக்காலத்தார் அதனை அவமதிப்பாகக் கருதிற்றிலர். தூரதேசத்தாரும் அவரை அண்மையிற் கண்டாற்போல் வணங்குதற்குச் செய்த உபாயமாகவே கொண்டனர்.

அங்ஙனமே மற்றொரு கையெலும்பு ஜப்பானுக்கென அனுப்பப்பட்டது. ஆங்கே கிறிஸ்து வேதம் தடுக்கப்பட்டு, விசுவாசிகள் கொடிய வாதைக்குள்ளாயினர். ஆதலின் அவ்வெலும்பு மக்காவிலேயே நின்றுவிட்டது, அர்ச். பவுலின் ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1835-ல் அவ்வாலயம் தீக்கிரையாயிற்று. முகப்புச் சுவர் ஒன்றே எஞ்சியது. எலும்போ அந்நகரத்து அர்ச். சூசையப்பர் ஆலயத்தில் இருந்து, பின்னர் மேற்கூறிய கொலோவான் சிற்றாலயத்தை அடைந்தது. சில காலத்தின்பின் மீளவும் சூசையப்பர் ஆலயத்திற்கே சென்றது. சவேரியார் ஜப்பானை அடைந்த 400-வது ஆண்டாகிய 1949-ல் அந்நாட்டிற்குப் பவனியாய்க் கொண்டுசெல்லப்பட்டது உரோமையிலுள்ள முன்கையே; மக்காவில் நின்ற எலும்பன்று.

எனினும் இதில் ஒன்று கருதற்பாலது. எந்நாட்டின் வாயிலிற் காத்திருந்து அவர் உயிர் நீத்தாரோ, அந்நாட்டின் ஆட்சிக்குள் மக்காவு 1999-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி வந்தது. உயிரோடு புகவொண்ணாத தேசத்தில் அவர் எலும்பு இன்று இருக்கின்றது.

திரிதெந்தீன் சங்கம் 1563-ம் ஆண்டில் அருளிக்கங்களுக்குரிய வணக்கத்தை உறுதிப்படுத்தி, அதிற் கலந்த மூடவழக்கங்களையும் இலாபத்தையும் விலக்குமாறு விதித்தது. ஆராதனை தேவனொருவர்க்கே உரியது. அருளிக்கத்திற்குச் செய்வது வணக்கம் மாத்திரமே. முத்துக்குளித்துறையின் குடிசைகளில் ஏழைப் பிள்ளைகளின் சிரசில் நீர் வார்த்து ஓய்ந்த உழைப்பையே அப்பேழையின்முன் முழந்தாளிடுவோர் நினைக்கின்றனர். அந்நினைவு இல்லாவிடில் எலும்பு வெறும் எலும்பே. அஃதுளதாயின் வணக்கமும் பொருளுடையதாம். இதுவே முதலில் எழுந்த வினாவுக்கு யாம் கூறும் விடையாகும்.