செயற்கைக் கணுக்கால்

செயற்கைக் காலில் தண்டும் பாதமும் சேரும் பகுதி. இயல்பான நடையில் குதிகால் தரையைத் தொட்டதும் கணுக்கால் பாதத்தை மெல்லத் தாழ்த்தி அதிர்வைத் தணிக்கிறது. பிறகு உடல் முன்னே சாய வழிவிடுகிறது. கடைசியில் கெண்டைச்சதையின் விசையைப் பாதத்துக்குக் கடத்தி அடுத்த அடிக்கு உந்துகிறது. செயற்கைக் காலில் இவற்றில் எது குறைந்தாலும் அந்தச் சுமை முழங்காலிலும் இடுப்பிலும் மறுகாலிலும் விழும்.

லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பாட்ஸ் 1800இல் ஒரு மரக்காலை வடிவமைத்தார். முழங்கால் மடங்கும்போது நரம்புக் கயிறுகள் இழுத்துப் பாதத்தின் நுனியை உயர்த்தும். 1815இல் வாட்டர்லூ போரில் காலை இழந்த ஆங்கில்சி பிரபு அணிந்ததால் அது அவர் பெயரையே பெற்றது. 1950களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸாக்’ பாதம் மூட்டையே விலக்கியது. உள்ளே அசையாத கட்டை, குதிகாலில் மெத்தென்ற ஆப்பு, அவ்வளவுதான். மலிவும் உறுதியும் அதை உலகெங்கும் பரப்பின.

ஆனால் அது ஷூ அணிபவருக்கான பாதம். ஷூவின் குதிகால் உயரத்துக்கேற்பச் சீரமைத்த காலோடு வெறுங்காலில் நின்றால் தண்டு பின்னே சாய்ந்து முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் வீடுகளில் இது அன்றாட அவதி. சம்மணமிடவும் குந்தவும் அது இடம் தராது.

இதற்கு விடை ஜெய்ப்பூரில் பிறந்தது. 1968 வாக்கில் சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் முடநீக்கியல் மருத்துவர் பி.கே. சேத்தியும் ‘ஜெய்ப்பூர் கால்’ பாதத்தை உருவாக்கினர். குதிகாலிலும் முன்பாதத்திலும் எம்.சி.ஆர். ரப்பர் (நம்மூரில் சர்க்கரை நோயாளிகளின் செருப்பில் இருப்பது இதுதான்), கணுக்காலில் மட்டும் சிறு மரக்கட்டை. எல்லாவற்றையும் டயர் நூல்துணியால் சுற்றி, ரப்பரால் மூடி, அச்சில் வைத்து வேகவைத்தார்கள். ஸாக்கில் உள்ளதுபோல நீண்ட கட்டை இல்லாததால் பாதம் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வளைந்தது, சேற்றிலும் நடந்தது. அந்தக் கைவினைஞரின் பெயர் மருத்துவரின் பெயரளவுக்குப் பரவாதது பெரும் குறை.

1981இல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் வலது காலை இழந்த சுதா சந்திரன், இந்தக் காலோடு 1984இல் மீண்டும் பரதநாட்டிய மேடையேறினார். அரைமண்டியில் நின்று வெறுங்காலால் தரையைத் தட்டும் ஆட்டத்தைவிடக் கடினமான சோதனை ஒரு கணுக்காலுக்கு வாய்ப்பது அரிது. தரை எதிர்விசையை அளந்து 1995இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, அதிர்வு தாங்குவதில் ஸாக்கும் இயல்பான பாதத்தை நெருங்குவதில் ஜெய்ப்பூரும் மேல் என்றது. கனமும், கைவேலையால் வரும் தர வேறுபாடும் ஜெய்ப்பூர் பாதத்தின் குறைகள்.

1980களில் வான் பிலிப்ஸ் என்பவர் உருவாக்கிய கார்பன் நார்ப் பாதம் மிதித்த விசையைத் திருப்பித் தந்தது. பின்னர் மோட்டார் கணுக்கால்களும் வந்தன.

சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகளுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் அரசு நிலையம் கே.கே. நகரில் உள்ளது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பகலெல்லாம் ஷூவோடு நிற்பவருக்கு ஸாக் ஒத்துவரும். பூந்தமல்லிக்கு அப்பால் வயலில் இறங்குபவருக்கு ஜெய்ப்பூர் பாதமே உதவும். பகலில் ஷூ, மாலையில் வெறுங்கால் என்றிருப்பவர் குதிகால் உயரத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும் பாதங்களும் இன்று உண்டு. அவற்றின் விலை இன்னும் கூலித் தொழிலாளிக்கு எட்டவில்லை.