வாசலில் சொல்ல வேண்டியது

நூமியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே வார்த்தையில் வந்து நிற்கிறார்கள்: நிதானம். காலையில் பிரெஞ்சு ரொட்டியின் வாசனை. நிழலில் இரும்புக் குண்டுகளை வீசி விளையாடும் முதியவர்கள். சந்தையில் பூப்போட்ட தொளதொளத்த அங்கிகளில் கனாக் பெண்கள், அவர்கள் முன்னால் பெருவள்ளியும் சேம்பும். 2023இல் ஒரு வாரம் அங்கே தங்கியிருந்தபோது இவற்றை நானும் பார்த்தேன், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்த நிதானத்தைத் தட்பவெப்பத்தின் விளைவென்றோ தீவு மக்களின் சுபாவமென்றோ சொல்லி முடித்துவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஓர் ஊர் ஓய்வாக இருக்கிறதென்றால் அங்கே ஓய்வாக இருக்க யாருக்கு அனுமதி இருந்தது என்று கேட்டாக வேண்டும். நூமியாவின் ஓய்வுக்குச் சரித்திரம் உண்டு. அது பெரும்பாலும் உத்தரவுகளின் சரித்திரம்.

இந்தச் சரித்திரத்தைப் படிக்கக் கனாக்குகளிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்நிய மண்ணில் கால் வைக்கிறவன் முதலில் வாசலில் நிற்க வேண்டும். ஒரு துண்டுத் துணி, கொஞ்சம் பணம், சில சமயம் ஒரு பொட்டலம் புகையிலை. இவற்றைக் கீழே வைத்துவிட்டுத் தான் யார், எங்கிருந்து வருகிறேன், எதற்காக வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் பதில் பேசுவார். பிறகுதான் உள்ளே போகலாம். பிரெஞ்சில் இதைக் 'கூத்யூம்', அதாவது வழக்கம் என்கிறார்கள். நூமியாவுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நானும் அப்படி நின்றேன். துணியின் விலை யாருக்கும் பொருட்டில்லை. சொல்தான் காரியம். என் தகப்பனார் ஊர் எது என்று பெரியவர் கேட்டார், சொன்னேன், அந்தப் பெயரை ஒருமுறை தன் வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். இந்தச் சின்னச் சடங்கை மனதில் வைத்துக்கொண்டு நூமியாவின் கதையைப் பார்த்தால், சொல்லாமல் உள்ளே நுழைந்துவிட்ட ஒரு விருந்தாளியின் கதையாக அது தெரிகிறது.

அந்த மண் காலியாகக் கிடக்கவில்லை. மேற்குக் கரையில் 1952இல் தோண்டியெடுத்த, புள்ளிபுள்ளியாய்ச் சித்திரம் பதித்த மண்பாண்டங்கள் ஏறக்குறைய 3,000 ஆண்டுப் பழமையானவை. அந்த இடத்தின் பெயரால் பசிபிக் முழுவதும் ஒரு நாகரிகத்துக்கே 'லப்பீட்டா' என்று பெயர் வந்தது. 1774இல் வந்த ஜேம்ஸ் குக் அந்தத் தீவுக்கு ஸ்காட்லாந்தின் பழைய பெயரைச் சூட்டினார். 1853 செப்டம்பர் 24இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி ஒருவர் பலாத் கரையில் கொடியேற்றி, தீவு இனிப் பிரான்ஸுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஒரு துறைமுகக் கோட்டை எழுந்தது. 'போர் த பிரான்ஸ்' என்ற அதன் பெயர் மார்த்தினிக் தீவிலுள்ள நகரப் பெயரோடு குழம்பியதால் 1866இல் நூமியா என்று மாற்றினார்கள். தபால் சௌகரியத்துக்காக மண்ணின் பெயர் திரும்பி வந்தது.

நகரத்தை உண்மையில் கட்டியவர்கள் கைதிகள். 1864இல் முதல் கப்பல் வந்தது. 1897 வரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சாலை, துறைமுகம், புனித ஜோசப் தேவாலயம் எல்லாம் அவர்கள் கைவேலை. நகர நடுவே தென்னஞ்சதுக்கத்தின் இசை மண்டபத்தில் கைதிகளின் வாத்தியக் கோஷ்டி வாசிக்க, சீமாட்டிகள் குடை பிடித்து உலாவியிருக்கிறார்கள். அந்த மாலை உலாவில் கனாக்குகள் இல்லை. 1887இல் அமலாகி 1946 வரை நீடித்த 'சுதேசிகள் சட்டம்' அவர்களை ஒதுக்கு நிலங்களுக்குள் அடைத்தது. வெளியேற அனுமதி வேண்டும். தலைவரி கட்ட வேண்டும். கட்டாய வேலைக்குப் போக வேண்டும். இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் நூமியாத் தெருக்களில் நடக்கக் கூடாது. பயணக் குறிப்புகள் மெச்சுகிற அந்தச் சாயங்கால அமைதி ஏறத்தாழ அறுபது வருஷம் போலீஸ் காப்பாற்றிக் கொடுத்த அமைதி. 1920களின் தொடக்கத்தில் கனாக்குகளின் தொகை சுமார் 27,000ஆகக் குறைந்துபோயிற்று.

சிறை இருந்த நூ தீவு இன்று தீவு அல்ல. கடலை நிரப்பி நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய சிறைக் கட்டடம் ஒன்றில் நாடகம் நடக்கிறது. பக்கத்தில் பல்கலைக்கழகம். ஆனால் 'காம் எஸ்த்' என்ற சிறைச்சாலையும் அங்கேயே, பழைய தண்டனை முகாமின் மண்ணிலேயே இயங்கிவருகிறது. கனாக் இலக்கியத்தின் முக்கியக் குரலான தெவே கொரொதே 1970களில் விடுதலை இயக்கத்துக்காக அங்கே அடைபட்டிருந்தார். 1985இல் அவருடைய முதல் கவிதைத் தொகுதி வந்தது. பின்னாளில் அந்த நாட்டு அரசாங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்து 2022இல் காலமானார். கைதிகளின் தீவில் இப்படி மண்ணின் சொந்தக்காரரும் கைதியானார்.

நாடு கடத்தப்பட்டவர்களில் 1871 பாரிஸ் கம்யூன்காரர்கள் நாலாயிரத்துக்கு மேல். அதே ஆண்டு அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்த கபீல்களும் வந்தார்கள். பூராய் அருகே நெசாதியுவில் அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன. 1873 கடைசியில் வந்திறங்கிய லூயிஸ் மிஷேல், லிஃபூ தீவைச் சேர்ந்த தாவுமி என்பவரிடம் சொற்களையும் கதைகளையும் கேட்டு எழுதிக்கொண்டார். கனாக் பழங்கதைகளைப் பற்றிய அவருடைய நூல் 1885இல் பாரிஸில் வெளிவந்தது. அதில் கற்பனையின் சேர்மானம் அதிகம் என்று அறிஞர்கள் குறை சொல்வார்கள், சொல்லட்டும். அந்தக் குடியேற்றத்தில் கேட்க உட்கார்ந்த மிகச் சிலரில் அவர் ஒருவர். 1878இல் கனாக்குகள் கிளர்ந்தெழுந்தபோது கம்யூன்காரர்களில் பலர் பிரெஞ்சுப் படையின் பக்கம் நின்றார்கள். பாரிஸ் தெருவில் தடுப்பரண் கட்டிய அதே கைகள் இங்கே துப்பாக்கி பிடித்தன. கபீல்களிலும் சிலர் அப்படியே. மிஷேல் மட்டும் தன் சிவப்புத் துணியை இரண்டாகக் கிழித்து, விடைபெற வந்த கனாக்குகளிடம் கொடுத்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். விடுதலை என்ற சொல் ஒருவன் வாயில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான பரீட்சை சரித்திரத்தில் அதிகமில்லை.

அந்தக் கலகத்தின் காரணம் தத்துவமல்ல, மாடு. குடியேறிகளின் மாடுகள் வேலியில்லாமல் திரிந்து சேம்பு, வள்ளித் தோட்டங்களை மிதித்துத் தின்றன. 1877இன் வறட்சியில் அது தாங்க முடியாமல் போயிற்று. வேலி போட்டுக்கொள்ளச் சொன்ன கவர்னரிடம், என் சேம்பு போய் உங்கள் மாட்டைத் தின்னட்டும், அப்போது நான் வேலி போடுகிறேன் என்ற பொருளில் தலைவர் அட்டாயி பதில் சொன்னதாக வழங்கிவருகிறது. ஒரு பை மண்ணையும் ஒரு பை கல்லையும் கவர்னர் முன்னால் கொட்டி, எங்களிடம் இருந்தது அது, நீங்கள் விட்டுவைத்தது இது என்று காட்டினார் என்பதும் அவரைப் பற்றிய கதைதான். வள்ளிக் கிழங்கின் நடவும் அறுவடையும்தான் கனாக்குகளின் ஆண்டுக் கணக்கு; கல்யாணமும் சாவும்கூட வள்ளி இல்லாமல் நடக்காது. மாடு மிதித்தது பயிரை மட்டுமல்ல, காலண்டரையும்.

ஜூனில் தொடங்கிய சண்டையில் சுமார் 200 குடியேறிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனாக்குகளும் மாண்டார்கள். செப்டம்பர் 1இல் அட்டாயி கொல்லப்பட்டார். கொன்றவர்கள் பிரெஞ்சுப் படைக்குத் துணைபோன கனாலா கனாக்குகள். இதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய தலை பாரிஸின் மானிடவியல் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு 'தொலைந்துபோயிற்று'. 2011இல் அருங்காட்சியகச் சேமிப்பில் அது இருப்பது வெளியே தெரிந்து, 2014இல் வம்சத்தாரிடம் கொடுக்கப்பட்டது. ஒரு தலை வீடு திரும்ப 136 வருஷம்.

விருந்தாளி தன்னைச் சொல்லவில்லை என்பதோடு நிற்கவில்லை. வீட்டுக்காரனுக்கும் அவனே பெயர் வைத்தான். ஹவாய் மொழியில் 'கனகா' என்றால் மனிதன், அவ்வளவுதான். மாலுமிகள் வாயில் பட்டு, பிரெஞ்சில் அது வசவாயிற்று. 1931 பாரிஸ் காலனியக் கண்காட்சியின்போது நூற்றுச் சொச்சம் கனாக்குகளைக் கொண்டுபோய் நரமாமிசம் தின்னும் காட்டுமிராண்டிகளாக நடிக்கவைத்தார்கள். சிலரை முதலைகளுக்கு மாற்றாக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில் மொரீஸ் லேன்ஹார்ட் என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியார், 1902இல் வந்தவர், ஹுவாய்லு மொழியில் மூழ்கிக்கிடந்தார். நாங்கள் உங்களுக்கு ஆன்மாவைக் கொண்டுவந்தோமோ என்று அவர் கேட்க, ஆவி எங்களுக்கு முன்பே தெரியும், நீங்கள் கொண்டுவந்தது உடல் என்றாராம் ஒரு கனாக் முதியவர். கனாக் மனிதன் உறவுகளின் நடுவில் இருப்பவன். தனியாக வெட்டியெடுத்தால் அவனுக்குப் பெயரில்லை என்று லேன்ஹார்ட் புரிந்துகொண்டார். வாசலில் நின்று வம்சத்தைச் சொல்வதன் அர்த்தம் இதுதான். 1969க்குப் பிறகு வந்த இளைஞர்கள் வசவுச் சொல்லையே எடுத்து, பிரெஞ்சு இலக்கண விகுதிகளைக் கழற்றி எறிந்து, 'கனாக்' என்று தங்கள் கொடியில் எழுதிக்கொண்டார்கள். ழான் மரி ஜிபாவு 1975இல் நூமியாவில் நடத்திய 'மெலனீசியா 2000' விழா, இருட்டிய பின் தெருவில் நடக்க முடியாதிருந்தவர்களின் பிள்ளைகள் அதே நகரத்தில் தங்களைத் தாங்களே காட்டிக்கொண்ட நாள்.

நமக்கு இதில் சம்பந்தமே இல்லையென்று சொல்ல முடியாது. 1860களில் ரியூனியன் தீவில் கரும்பு நொடித்தபோது அங்கிருந்து தோட்ட முதலாளிகள் சிலர் நியூ கலிடோனியா வந்தார்கள். கூடவே 'மலபார்கள்' என்று அழைக்கப்பட்ட இந்தியக் கூலிகளையும் கொண்டுவந்தார்கள். ரியூனியனில் அந்தச் சொல் பெரும்பாலும் தமிழரையே குறித்தது. கரும்பு அங்கேயும் நிலைக்கவில்லை. வந்தவர்கள் மற்றவரோடு கலந்து போனார்கள். புதுச்சேரியில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் கறுப்பு நகரம், அந்தப் பக்கம் வெள்ளை நகரம் என்று பிரித்ததன் மிச்சத்தை இன்று நாமும் 'அமைதியான பிரெஞ்சுத் தெரு' என்று ரசித்துக் காப்பி குடிக்கிறோம். நூமியாவின் நிதானத்தை மெச்சும் பார்வை நமக்கு அந்நியமானதல்ல.

ஆனால் இங்கே பழி சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாத ஒரு முடிச்சு இருக்கிறது. கைதி தானாக வரவில்லை. நிக்கல் சுரங்கத்துக்கு ஒப்பந்தத்தில் வந்த ஜாவாக்காரனும் வியட்நாம்காரனும் வேறு வழியின்றி வந்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வேறு ஊரும் இல்லை. 1983இல் பிரான்ஸின் நேன்வில் லெ ரோஷ் கூட்டத்தில் கனாக் பிரதிநிதிகள் இவர்களைச் 'சரித்திரத்தின் பலியாடுகள்' என்ற பொருளில் ஏற்றுக்கொண்டு, எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில் இடம் கொடுத்தார்கள். விருந்தாளி சொல்ல வேண்டியதை வீட்டுக்காரரே எடுத்துக் கொடுத்த மாதிரி. இவ்வளவு பெருந்தன்மைக்குப் பதிலாகக் கிடைத்தது ரத்தம். 1984 டிசம்பரில் இயெங்கேன் அருகே பதுங்கியிருந்து சுட்டதில் 10 கனாக்குகள் செத்தார்கள். அவர்களில் இருவர் ஜிபாவுவின் சகோதரர்கள். சுட்டவர்கள் 1987இல் விடுதலையானார்கள். 1988இல் ஊவேயாவில் 4 ஜென்டார்ம்கள் கொல்லப்பட்டு, மற்றவர்கள் குகையில் பிணையாக வைக்கப்பட, மீட்கப் போன படையின் தாக்குதலில் 19 கனாக்குகளும் 2 படைவீரர்களும் மாண்டார்கள். அடுத்த மாதமே ஜிபாவு, பிரான்ஸ் பக்கத்துத் தலைவர் ழாக் லாஃப்ளரின் கையைக் குலுக்கி ஒப்பந்தம் செய்தார். 1989 மே 4இல் அதே ஊவேயாவில், அந்தக் கைகுலுக்கலை மன்னிக்காத ஒரு கனாக்கின் குண்டுக்கு இரையானார்.

1998 நூமியா ஒப்பந்தத்தின் முன்னுரை, மண் காலியாக இருக்கவில்லை, காலனியாட்சிக்கு நிழல்கள் உண்டு, கனாக்குகளின் கௌரவம் பறிக்கப்பட்டது என்று அரசாங்க பாஷையில் ஒப்புக்கொள்கிறது. 145 வருஷம் தாமதித்து விருந்தாளி வாசலுக்குத் திரும்பி வந்து பேசிய முதல் பேச்சு அது. 2018, 2020 வாக்கெடுப்புகளில் விடுதலைக்கு எதிராக விழுந்த வாக்கு 56.7 சதவீதத்திலிருந்து 53.3ஆக இறங்கிற்று. 2021இல், பெருந்தொற்றுச் சாவுகளின் துக்கத்தில் இருந்த கனாக்குகள் ஒதுங்கி நிற்க, மூன்றாவதை நடத்தி 96.5 சதவீதம் என்று கணக்குக் காட்டினார்கள். 1878 கலகத்தை அடக்கிய கவர்னர் ஓல்ரியின் சிலை நூற்றாண்டுக்கு மேல் நின்ற இடத்தில் 2022இல் ஜிபாவு, லாஃப்ளர் கைகுலுக்கும் சிலை வந்தது. நான் போனபோது பிள்ளைகள் அதன் கீழ் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த மே மாதம், பிற்பாடு குடியேறியவர்களையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்க பாரிஸ் முனைந்ததும் நூமியா எரிந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2,71,000 பேரில் கனாக்குகள் 41 சதவீதம் என்று 2019 கணக்கெடுப்பு சொல்லும் நாட்டில் பட்டியல் என்பது வெறும் பட்டியல் அல்ல. வாசலில் ஆரம்பித்த பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே யார் அதிகம் என்று தலை எண்ணத் தொடங்கிய காரியம் அது. 2025 ஜூலையில் பூஜிவாலில் எழுதிய புதிய உடன்பாட்டை விடுதலை முன்னணி அடுத்த மாதமே நிராகரித்தது.

கனாக் வழக்கத்தில் வாசல் பேச்சுக்குக் காலக்கெடு கிடையாது. கொண்டுவந்த துணியை எடுக்கும்வரை வந்தவன் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். ரொட்டிக்கும் கடலுக்கும் நடுவில் பயணிகள் கண்டு மெச்சுகிற அந்த நிதானத்தில் பாதி, இந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை என்பதால் இரு தரப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது.