தூண்டில் என்னும் அளவுகோல்

தஞ்சோங் பகார் என்றால் மலாய் மொழியில் வேலி முனை என்று பொருள். பெயருக்குக் காரணம் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். இங்கே மீனவர்கள் கடலில் கழிகளை நட்டு மீன் பிடித்தார்கள், அந்தக் 'கேலோங்' வேலியே பெயராயிற்று என்பது ஒன்று. மற்றது மலாய்ப் பழங்கதை. கரையில் இருந்தவர்களை வாள்மீன்கள் பாய்ந்து குத்திக் கொன்றன. ராஜா ஆட்களையே வரிசையாக நிறுத்தி வேலி போட்டார். ஒரு சின்னப் பையன், மனுஷக் கால் எதுக்கு, வாழைத்தண்டை நட்டால் போதாதா என்றான். மீன்களின் மூக்கு தண்டில் குத்திச் சிக்கிக்கொண்டது. ஊர் பிழைத்தது. இவ்வளவு புத்தியுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று ராஜா அந்தப் பையனைக் கொன்றுவிட்டார்.

எந்தப் பதிலை எடுத்தாலும் மீன் வருகிறது. நான் குடியிருக்கும் இந்த வட்டாரத்தில் இப்போது மீனைப் பார்க்க வேண்டுமென்றால் உணவங்காடி நிலையத்துக்குத்தான் போகவேண்டும். 1864-இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் வந்தது, 1868-இல் விக்டோரியா துறை திறந்தது. தமிழ்க் கூலிகள் நிறையப் பேர் அங்கே உழைத்தார்கள். பிறகு கடலைத் தூர்த்துத் தூர்த்துக் கரையே தள்ளிப்போனது. மீன்பிடித்த கதை மிச்சமிருக்கும் இடம் என்று பார்த்தால், கொஞ்சம் வடக்கே நடந்து சேரக்கூடிய சிங்கப்பூர் ஆறுதான்.

1819-இல் ராஃபிள்ஸ் வந்தபோது ஆற்று முகத்தில் படகுகளிலேயே வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் இருந்தார்கள். துறைமுகம் வளர வளர அவர்கள் விலக்கப்பட்டார்கள். அடுத்து, கப்பலிலிருந்து சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும் தொங்கான் தொழில். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் நம்மாட்கள் கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் கையில், இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப்போக ஹொக்கியன், தியோச்சியூ படகோட்டிகள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

எல்லாருக்கும் எஜமான் கடலின் ஏற்றமும் வற்றமும்தான். கேவனா பாலம் தாழ்வானது. தண்ணீர் ஏறினால் படகு அடியில் நுழையாது, வற்றும்வரை காத்துக்கிடக்க வேண்டும். ஆற்றுக்கு ஒரு நாளிலேயே பருவங்கள் மாறின.

பிறகு ஆறு நாறியது. பன்றிப் பண்ணைக் கழிவு, தெருக்கடை மிச்சம், படகு எண்ணெய், கழிப்பறை எல்லாம் அதில்தான். 1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு கெடு வைத்தார்: பத்து ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடியவேண்டும். அவர் எங்கள் தஞ்சோங் பகார் தொகுதியின் உறுப்பினர், 1955 முதல். தண்ணீரில் இது இத்தனை விழுக்காடு, அது இத்தனை என்று அவர் பேசவில்லை. தூண்டிலையே அளவுகோலாக்கினார். யாருக்கும் புரியும். தேம்ஸ் ஆற்றிலும் அப்படித்தான். 1957-இல் செத்த ஆறு என்று சொல்லப்பட்டது. 1974-இல் ஒரு மின்நிலையத்தின் தண்ணீர் வலையில் சால்மன் மீன் ஒன்று சிக்கியதும், ஆறு பிழைத்தது என்று லண்டன் நம்பத் தொடங்கியது.

இங்கே மீன் வருவதற்காக ஆட்கள் போனார்கள். சுமார் 26,000 குடும்பங்கள் வீவக அடுக்குமாடிகளுக்கு, ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்கு. பன்றி, வாத்துப் பண்ணைகள் மூடப்பட்டன. 1983-இல் சுமார் 800 படகுகள் பாசிர் பாஞ்சாங் போயின. 1987-இல், சொன்ன கெடுவுக்குள், வேலை முடிந்தது. இதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்றத்தில் குடியிருந்தவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் கிடைத்தது சின்ன விஷயமில்லை. ஆனால் படகை விட்டால் வேறு தொழில் தெரியாத ஐம்பது வயதுக்காரருக்குப் புது வீட்டில் என்ன வேலை?

2008-இல் மரினா அணைக்கட்டு வந்து கடலை ஆற்றிலிருந்து பிரித்தது. ஏற்றமும் வற்றமும் நின்றன. உப்பு போய் நன்னீர் ஆனது. இன்று இந்த நீர்ப்பரப்பில் கொடுவாயோடு, தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீகாக் பாஸும் இருக்கிறது. கழகம் குறித்துக்கொடுத்த இடங்களில் மட்டும் தூண்டில் போடலாம். புழு கூடாது, உயிர்மீன் கூடாது, செயற்கை இரைதான்.

ஈத்தூண்டில்காரர்களுக்கு அது ஒரு தடையே இல்லை. கொக்கியில் இறகும் நூலும் கட்டிச் செய்த பொய் ஈதான் அவர்களுடைய இரை. அதற்குக் கனமில்லை, கனமெல்லாம் கயிற்றில். கயிற்றைப் பின்னும் முன்னும் வீசித்தான் ஈயைத் தண்ணீரில் இறக்க வேண்டும். இங்கிலாந்தில் வசந்தத்தில் ஆற்றிலிருந்து ஈக்கள் எழும்போது இதற்குப் பருவம். காலாங் கரையில் வார இறுதியில் பார்க்கும் தமிழ் அண்ணன் ஒருவரிடம், இங்க எதுண்ணே சீசன் என்று கேட்டேன். "மழைதான் தம்பி. நவம்பர், டிசம்பர்ல கொட்டுச்சுன்னா தண்ணி கலங்கிரும், ஈயப் போட்டா மீனுக்குக் கண்ணு தெரியாது. வீட்ல உக்காந்து ஈ கட்ட வேண்டியதுதான்" என்றார். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவாராம்.

அவர் விடுமுறை நாளில் சந்தோஷமாக மீன் பிடிக்கிறார். 1977-இல் வைத்த அளவுகோலின்படி எல்லாம் சரி. ஆனால் தூண்டில் தண்ணீரை மட்டும்தான் அளக்கும். கரையில் யார் பிழைத்தார்கள், எங்கே போனார்கள் என்பதற்கு வேறு ஏடு வேண்டும். கடைசிப் படகோட்டிகளின் பேச்சைக் கேட்டு ஸ்டீபன் டாப்ஸ் இந்த ஆற்றின் சமூக வரலாற்றை எழுதினார், 2003-இல் புத்தகமாக வந்தது. பேசுவதற்கு அவர்கள் உயிரோடு இருந்தார்கள். சூலியாப் படகோட்டிகள் அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே ஆற்றைவிட்டுப் போய்விட்டவர்கள். ஒலிப்பதிவு நாடா வருமுன் போனவர்களை யார் பேட்டி எடுப்பது? போட் கீ பக்கம் சூலியா ஸ்திரீட் என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே, ஆற்றுக்கு மிக அருகில்.