கோளாறு எந்தக் கம்பத்தில்? கேபிள் இணைய வரைபடங்களும் கள நிலவரமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் குன்றாண்டார்கோவில் போன்ற ஊர்ப்புறங்களில் கேபிள் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கியபடிதான் போகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தில் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. அறுந்து விழுந்த கேபிளைக் கண்ணால் பார்த்துவிடலாம். கனெக்டருக்குள் இறங்கிய மழைத்தண்ணீரைப் பார்க்க முடியாது. ‘நெட் விட்டுவிட்டு வருகிறது’ என்று புகார் வந்தால், கேபிள்காரர் ஒவ்வொரு கம்பமாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

இந்த அலைச்சலைக் குறைக்கும் தடயம் மோடத்துக்குள்ளேயே இருக்கிறது.

கம்பங்களில் தொங்கும் கோஆக்சியல் கேபிளில் பழுதான இடம் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பியடிக்கும். அந்த எதிரொலி அசல் சிக்னலோடு கலந்து தரவைக் கெடுக்கும். அதைச் சரிக்கட்ட, கேபிள் இணையத்துக்கான டாக்சிஸ் 2.0 தர மோடம் 24 திருத்தக் குணகங்களைக் கொண்டு, தான் அனுப்பும் அலையை முன்கூட்டியே திருத்திக்கொள்கிறது. எவ்வளவு திருத்தம், எந்தக் குணகத்தில் என்று பார்த்தால் பழுதின் தன்மை புலப்படும். அமெரிக்காவின் கேபிள்லேப்ஸ் நிறுவனம் இதையே வருமுன் காக்கும் பராமரிப்பு முறையாக வளர்த்தெடுத்தது.

இதிலிருந்து தூரத்தைக் காணும் கணக்கு எளிது. நொடிக்கு 51.2 லட்சம் குறியீடுகள் செல்லும் தடத்தில், அடுத்தடுத்த குணகங்களுக்கு இடையே 195 நானோநொடி. கேபிளில் சிக்னல் ஒளிவேகத்தில் சுமார் 87 விழுக்காட்டில் ஓடுவதாகக் கொண்டால், அந்த நேரத்தில் அது கடப்பது 51 மீட்டர். போய்வரும் தூரம் என்பதால் பாதி, ஏறத்தாழ 25 மீட்டர். குணகங்களைக் காட்டும் பட்டை வரைபடத்தில் முதன்மைப் பட்டைக்கு அடுத்து மூன்றாவது பட்டை உயர்ந்து நின்றால், சுமார் 75 மீட்டர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளுக்கு நடுவே அலை மோதித் திரும்புகிறது.

ஆனால், எந்த 75 மீட்டர்? ஒற்றை மோடத்தின் படம் இதற்குப் பதில் சொல்லாது. நான்கு வீட்டு மோடங்கள் ஒரே வடிவத்தைக் காட்டினால், பழுது நான்குக்கும் பொதுவான கேபிளில் இருக்கக்கூடும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அந்த வீட்டு இணைப்பைச் சோதிக்க வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தக் கம்பத்திலிருந்து லைன் போகிறது என்ற பதிவு இல்லாமல் இந்த ஒப்பீடு நடக்காது.

கோஆக்சியல் போய் ஃபைபர் வந்துகொண்டிருக்கும்போது இந்த விவாதம் எதற்கு என்று கேட்கலாம். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் பணி டான்ஃபினெட் நிறுவனத்திடம் இருக்கிறது. அங்கும் பழுது எந்தக் கம்பத்தருகே என்பதே சிக்கல். ஃபைபரில் பழுதைத் தேடும் ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பும் ஒளியின் நேரத்தை அளக்கிறது; ஒரு கிலோமீட்டர் போய்வர சுமார் 10 மைக்ரோநொடி. கருவியின் திரைக்கோடு 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் லேசாகவும் 1550இல் பெரிதாகவும் இறங்கினால், ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது. எனினும் கருவி காட்டுவது இழையின் நீளத்தைத்தான். கம்பங்களில் சுருட்டிக் கட்டிய உபரிக் கேபிளும் அதில் அடங்கும். தரையில் அளந்துகொண்டு போகிறவர் பழுதைத் தாண்டியே போய்விடுவார்.

ஆகவே, படம் வரையும் மென்பொருளுக்குச் செலவிடும் முன் கம்பவாரிப் பதிவேட்டை உருவாக்க வேண்டும். அது நகரத்துக் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடாமல் ஊர்க் கேபிள்காரரின் கைபேசிக்கும் வர வேண்டும். ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பிறகும் அதைத் திருத்தும் உரிமையும் அவருக்கு வேண்டும்.